கணக்கில் வந்தவர்கள்

ஜூன் மாதத்தில் கியூ.எஸ். நிறுவனத்தின் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசை வெளியாகும். மறுநாள் நாளிதழ்களில் எண் மட்டும்தான் இருக்கும்: இத்தனையாம் இடம், சென்ற ஆண்டைவிட இத்தனை இடம் ஏற்றம். அந்த எண்ணுக்கான வேலை பல மாதங்களுக்கு முன்பே நிர்வாகக் கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில், எக்செல் கோப்புகளுக்கு நடுவே முடிந்திருக்கும். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் நான் அந்த வேலையைச் செய்தேன். நூலக அதிகாரியாகச் சேர்ந்த என்னை, ஆய்விதழ்களும் மேற்கோள் கணக்கும் தெரியும் என்பதற்காகத் தரவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

மலேசியா தரவரிசையில் ஏறியதைப் பற்றிப் பலர் பல விதமாகப் பேசுகிறார்கள். பணத்தைக் கொட்டி வாங்கிய இடம் என்பவர்கள் உண்டு. நாட்டின் பெருமை என்பவர்களும் உண்டு. எனக்கு அது முதலில் யாரை எந்தப் பத்தியில் எண்ணுவது என்ற கதை. எண்ணத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு உண்மையில் என்ன குறைவு என்பது தெரிந்தது. ஏற்றம் அதற்குப் பிறகு வந்தது.

2004இல் லண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழும் கியூ.எஸ். நிறுவனமும் சேர்ந்து தங்கள் முதல் உலகப் பட்டியலை வெளியிட்டன. அதில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு 89ஆம் இடம். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு 111. நாடு மகிழ்ந்தது. அடுத்த ஆண்டு மலாயா 169க்கு இறங்கியது, அறிவியல் பல்கலைக்கழகம் 326க்கு. ஓராண்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் படிப்பும் அவ்வளவு கெட்டுவிடாது. முதல் பட்டியலில் மலேசியச் சீனர்களும் மலேசிய இந்தியர்களும் வெளிநாட்டவராக எண்ணப்பட்டிருந்தார்கள். அனைத்துலக ஆசிரியர்களுக்கு 5 விழுக்காடு, அனைத்துலக மாணவர்களுக்கு 5 விழுக்காடு என்று மதிப்பெண் இருந்தது. எங்கள் நாட்டுப் பிள்ளைகளையே அந்தப் பத்தியில் போட்டால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? அது திருத்தப்பட்டதுதான் மறு ஆண்டுச் சறுக்கலுக்குப் பெரிய காரணம்.

மற்றவர்கள் இதை ஒரு தரவுப் பிழை என்று கடந்து போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. என் பாட்டி பிறந்ததிலிருந்து இந்த மண்ணை விட்டு எங்கும் போனதில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டியே ஆயுளைக் கழித்தார். ஆனாலும் சாகும்வரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி, ஆனால் குடிமகள் இல்லை. குடிமக்களுக்கான நீல அட்டைக்காக அலைந்தவர்கள் எங்கள் குடும்பம் போல ஆயிரக்கணக்கில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்தவளுக்கு, அந்த நீல அட்டைக்காரர்களின் பிள்ளைகள் உலகப் பட்டியலில் வெளிநாட்டவராக எண்ணப்பட்டதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தரவுப் பிரிவுக்குப் போன முதல் வாரத்திலேயே நான் கேட்டுக்கொண்டது, இனம் என்ற பத்தியும் குடியுரிமை என்ற பத்தியும் ஒரே கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதுதான். குடியுரிமையைப் பதிவகத்தின் அடையாள அட்டைப் பதிவிலிருந்து எடுத்தோம். இனப் பத்தி எங்கள் கோப்புக்குள் வரவே இல்லை.

சறுக்கல் அதோடு நிற்கவில்லை. 2007 பட்டியலில் முதல் 200 இடங்களில் ஒரு மலேசியப் பல்கலைக்கழகமும் இல்லை. மலாயா 246இல் இருந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி, நாளிதழ்களில் தலையங்கம் என்று அந்தக் காலம் போனது. ஆனால் அடித்தளம் போடப்பட்டதும் அப்போதுதான். 2006இல் மலாயா, அறிவியல் பல்கலைக்கழகம் (யு.எஸ்.எம்.), தேசியப் பல்கலைக்கழகம் (யு.கே.எம்.), புத்ரா பல்கலைக்கழகம் (யு.பி.எம்.) ஆகிய நான்கையும் அரசு ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் என்று அறிவித்துத் தனி ஒதுக்கீடு கொடுத்தது. 2010இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (யு.டி.எம்.) ஐந்தாவதாகச் சேர்ந்தது. 2007இல் உயர்கல்விக்கான தேசிய வியூகத் திட்டம் வந்தது. அதன் கீழ் 2023க்குள் 60,000 பிஎச்.டி. பட்டதாரிகளை உருவாக்கும் இலக்கோடு மைபிரெய்ன்15 உதவித்தொகை தொடங்கியது. முதுகலைப் பட்டத்தோடு கற்பித்துக்கொண்டிருந்த விரிவுரையாளர்கள் பலர் குடும்பத்தைக் கட்டிக்கொண்டு பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார்கள். தரவரிசை ஏறியதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அதன் பலன் தெரியப் பத்தாண்டு ஆனது.

இன்னொரு பக்கம், இருந்ததே தெரியாமல் கிடந்ததைத் தேடி எடுக்கும் வேலை. கியூ.எஸ். 2007 முதல் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தை வைத்து மேற்கோள்களைக் கணக்கிடத் தொடங்கியது. அந்தத் தளத்தில் எங்கள் ஆய்வாளர்களின் கட்டுரைகள் சிதறிக் கிடந்தன. யு.கே.எம். ஆய்வாளர் சிலர் பல்கலைக்கழகத்தின் பெயரை மலாயில் எழுதுவார்கள், சிலர் ஆங்கிலத்தில். தளத்தில் அது இரண்டு நிறுவனங்களாக நிற்கும். யு.பி.எம். 1997 வரை வேளாண் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இருந்தது. பழைய பெயரிலும் கட்டுரைகள் இருந்தன. மருத்துவப் பேராசிரியர்கள் மருத்துவமனையின் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள்; பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கட்டுரை வந்து சேராது.

ஆள் பெயர்கள் இன்னும் கடினம். மேல்நாட்டுத் தளங்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். மலாய்க்காரர்களுக்கும் நமக்கும் அது கிடையாது. ஒரு தமிழ் ஆய்வாளரின் கட்டுரை அவருடைய அப்பாவின் பெயரில் பதிவாகியிருக்கும். அடுத்த கட்டுரை அவர் பெயரிலேயே இருக்கும். மூன்றாவதில் இரண்டும் தலைகீழாக இருக்கும். முகமது என்பதன் சுருக்கத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டதால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பலரின் ஆய்வுகள் ஒரே கணக்கில் குவிந்திருந்தன. ஒரு பொறியியல் விரிவுரையாளருக்கு மூன்று துண்டுகளாகச் சிதறியிருந்த பதிவை ஒன்றாக்கிக் காட்டினேன். "என்னோட வேலை இவ்வளவா அக்கா?" என்று திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய பதவி உயர்வு விண்ணப்பத்துக்கும் அதுவே உதவியது. இந்த வேலையால் ஒரு பல்கலைக்கழகத்தின் தரம் உயர்ந்துவிடாது. ஆனால் செய்தவருக்குச் செய்த வேலை போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆசிரியர் எண்ணிக்கையில்தான் மனச்சாட்சிக்குச் சோதனை. அன்றைய கியூ.எஸ். முறையில் ஆசிரியர்–மாணவர் விகிதத்துக்கு 20 விழுக்காடு, ஓர் ஆசிரியருக்கு இத்தனை மேற்கோள் என்பதற்கு 20 விழுக்காடு. ஆசிரியர் தொகையைக் கூட்டிக் காட்டினால் முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். குறைத்துக் காட்டினால் எதிர்மாறு. படிப்பு விடுப்பில் வெளிநாட்டில் இருக்கும் பயிற்சி விரிவுரையாளர் ஆசிரியரா? வாரத்தில் ஒரு நாள் வந்து மாணவர்களுக்கு நோயாளிகளைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் மருத்துவர் ஆசிரியரா? கற்பிக்காமல் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருப்பவர்? எல்லாவற்றுக்கும் வரையறை உண்டு. ஆனால் வரையறையின் விளிம்பில் நிற்பவர்கள் நிறையப் பேர். எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு புள்ளியியலாளர், மலாய்க்காரர், என்னைவிட இளையவர். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விதியைச் சொல்வார்: "கக் (அக்கா), யாராவது வந்து கேட்டால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நியமனக் கடிதம் காட்ட முடிய வேண்டும்." கடிதம் இல்லாத பெயரை எடுத்துவிடுவோம். அதனால் சில ஆண்டுகளில் எங்கள் மதிப்பெண் குறைந்தது. மேலிடத்தில் கேள்வி வரும். அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் விளக்கிவிட்டு வருவார். அந்த மனிதரிடம் வேலை பார்த்ததில் எனக்குப் பெரிய நிறைவு.

2008 முதல் 2013 வரை மலாயாவின் துணைவேந்தராக இருந்த கௌத் ஜாஸ்மோன், ஐ.எஸ்.ஐ. மேற்கோள் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழ்களில் கட்டுரை வெளியிடுவதை விரிவுரையாளர்களின் கே.பி.ஐ. (பணித்திறன் குறியீடு) ஆக்கினார். உயர்தாக்க ஆய்வுக்கென்று பெரிய நிதியும் வந்தது. மற்றப் பல்கலைக்கழகங்களும் அதே வழியில் போயின. உயர்கல்வி அமைச்சின் மைரா என்ற ஆய்வு மதிப்பீடு ஆண்டுதோறும் கட்டுரை, நிதி, காப்புரிமை, முதுநிலை மாணவர் என்று எல்லாவற்றையும் கேட்டது. ஆய்வுக்கூடங்களில் இரவிலும் விளக்கு எரிந்தது. நல்ல ஆய்வுகள் வந்தன. அதை மறுக்கிறவர்கள் அந்த ஆய்வுக்கூடங்களுக்குள் போய்ப் பார்க்காதவர்கள். பல இடங்களில் பிஎச்.டி. மாணவர் பட்டம் பெறுவதற்கே கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதியும் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு சில வாரத்தில் கட்டுரையைப் போட்டுவிடும் இதழ்கள் மாணவர்களைத்தான் முதலில் குறி வைத்தன. உதவித்தொகையிலிருந்து அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, பிறகு அந்த இதழ் ஸ்கோப்பஸிலிருந்து நீக்கப்பட்டதை அறிந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நூலகத்தாரோடு சேர்ந்து, இதழ்களைச் சோதிப்பது எப்படி என்று பட்டறைகள் நடத்தினோம். ஆனால் இலக்கைப் பெரிதாக்கியவர்கள் அந்தப் பாதுகாப்பையும் முதல் நாளிலேயே சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். இதில் நான் இன்றைக்கும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

இந்தக் கணக்கில் வராமல் போனவர்களையும் சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல், பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் தொடங்கியது. தனிநாயகம் அடிகள் அந்தத் துறையில் பணியாற்றினார். 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததற்கு அவரே முதற்காரணம். உலகத் தமிழறிஞர்கள் கூடிய முதல் இடம் எங்கள் தலைநகரம். இதைவிடப் பெரிய அனைத்துலகப் பெயர் ஒரு துறைக்கு என்ன வேண்டும்? ஆனால் தரவரிசைப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

தமிழ் கற்பித்த மூத்த பேராசிரியர் ஒருவர் ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துறைவாரியான கட்டுரைப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே சுழியம் இருப்பதை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"என்னம்மா, நான் எழுதினது எதுவும் உங்க கணக்குல இல்லையாமே?"

"நீங்க எழுதுற இதழ் ஸ்கோப்பஸ்ல இல்லைங்க ஐயா."

"சரி. புத்தகம்?"

"தமிழ்ப் புத்தகத்தையும் அவங்க எடுக்கிறதில்லைங்க."

அவர் கோபப்படவில்லை. தோட்டப்புறத் தமிழ்ப் பேச்சைப் பற்றித் தன்னிடம் ஆய்வு செய்த மாணவர்கள் இப்போது எந்தெந்தத் தமிழ்ப்பள்ளிகளில் தலைமையாசிரியர்களாக இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். நான் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டேன். அந்தத் தாளை எந்தப் படிவத்தோடும் இணைக்க முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் எழுதினேன். 2015இல் கியூ.எஸ். மேற்கோள் கணக்கைத் துறைவாரியாகச் சமன் செய்தது. மருத்துவமும் உயிரியலும் மற்றதை விழுங்கிவிடாமல் கலைக்கும் மனிதவியலுக்கும் தனிப் பங்கு கொடுத்தது. அந்தப் பங்கும் ஸ்கோப்பஸுக்குள் இருக்கும் கட்டுரைகளுக்குத்தான். தமிழுக்கு அதனால் ஒன்றும் வரவில்லை. மலாய் மொழியில் எழுதும் வரலாற்றாசிரியருக்கும் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

மதிப்பெண்ணில் பெரும்பங்கு நற்பெயருக்கு. கியூ.எஸ். உலகெங்கும் கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்கும். அவர்கள் தங்கள் நாட்டில் 10, வெளிநாடுகளில் 30 நிறுவனங்கள் வரை குறிப்பிடலாம். சொந்த நிறுவனத்தைக் குறிப்பிட முடியாது. பல ஆண்டுகள் இதற்கு மட்டும் 40 விழுக்காடு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 400 கல்வியாளர், 400 வேலை கொடுப்போர் பெயர்களைக் கருத்துக் கேட்பதற்காகப் பரிந்துரைக்கலாம். அந்தப் பட்டியலைத் தொகுத்தபோதுதான் எங்கள் ஆசிரியர்களுக்கு உலகத்தில் யார் யாரைத் தெரியும் என்பது எனக்கே புரிந்தது. வெப்பமண்டல நோய், செம்பனை, இஸ்லாமிய நிதி என்றால் பெயர்கள் கொட்டும். வேறு சில துறைகளில் பத்துப் பெயர் சேர்க்கவே சிரமப்படுவோம். அப்படிச் சிரமப்பட்ட துறைகளின் விவரத்தைத் தலைவர் நிர்வாகத்திடம் கொடுத்தார். அவர்களை வெளிநாட்டு மாநாடுகளுக்கு அனுப்பப் பணம் ஒதுக்கினார்கள். தரவரிசை எங்களுக்குச் செய்த நன்மைகளில் இதையும் சேர்க்கிறேன்.

2015 ஏப்ரலில் அரசு உயர்கல்விக்கான பெருந்திட்டத்தை வெளியிட்டது. 2025க்குள் கியூ.எஸ். பட்டியலில் ஆசியாவின் முதல் 25இல் ஒன்று, உலகின் முதல் 100இல் இரண்டு, முதல் 200இல் நான்கு என்பது இலக்கு. அன்று, முதல் 200இல் மலாயா மட்டும்தான் இருந்தது. திட்டம் வந்த கையோடு பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீடு வெட்டப்பட்டது. 2016, 2017 ஆண்டுகளில் ஆய்விதழ்ச் சந்தாக்களைக் குறைக்க வேண்டி வந்தபோது எதை நிறுத்துவது என்று நூலகத்தாரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினோம். ஒப்பந்த ஆய்வாளர்கள் பலர் போனார்கள். இருந்தும் ஏற்றம் நிற்கவில்லை. முந்திய பத்தாண்டில் படித்து வந்த டாக்டர் பட்டக்காரர்களின் கட்டுரைகளுக்கு அப்போதுதான் மேற்கோள்கள் சேரத் தொடங்கியிருந்தன. ஐந்தாண்டுக் கட்டுரைகளை எடுத்து அவற்றுக்கு வந்த மேற்கோள்களை எண்ணுவது கியூ.எஸ். வழக்கம். அதனால் இன்று செய்யும் வெட்டு உடனே எண்ணில் தெரியாது, இன்று செய்யும் செலவும் அப்படித்தான். அமைச்சிலிருந்து வந்தவர்களிடம் இதை எத்தனை முறை விளக்கியும் அவர்கள் அடுத்த ஜூனைப் பற்றியே கேட்பார்கள்.

2018 ஜூனில் வெளியான பட்டியலில் மலாயா 87ஆம் இடத்துக்கு வந்தது. அடுத்து 70, அதற்கடுத்து 59. 87ஆம் இடம் வந்த அதே ஆண்டு, கியூ.எஸ்.ஸிலிருந்து பிரிந்து தனியாக வந்துகொண்டிருந்த டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலில் அதே பல்கலைக்கழகம் 301க்கும் 350க்கும் இடையில் இருந்தது. இரண்டும் பொய்யில்லை. இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. டைம்ஸில் ஆய்வுக்கு எடை அதிகம், ஆய்வு வருமானமும் கணக்கில் வரும். இதைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை பல்கலைக்கழகங்களுக்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் பெற்றோர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உட்பட, இன்று நிறையப் பேர். என் அக்கா மகள் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்தபோது அவளிடம் நான் கேட்கச் சொன்னவை வேறு: அந்தத் துறையில் நிரந்தர விரிவுரையாளர்கள் எத்தனை பேர், முதலாண்டு மாணவர்களுக்குப் பேராசிரியர்கள் பாடம் நடத்துகிறார்களா, படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள். போய்க் கேட்டாள். அவள் கடைசியில் சேர்ந்தது பட்டியலில் கீழே இருந்த பல்கலைக்கழகத்தில். நன்றாகப் படித்தாள்.

2025 ஜூனில் வெளியான பட்டியலில் மலாயா 58. யு.கே.எம்., யு.எஸ்.எம்., யு.பி.எம்., யு.டி.எம். நான்கும் முதல் 200க்குள் இருக்கின்றன. நான்கு கேட்டார்கள், ஐந்து வந்திருக்கிறது. ஆசியாவின் முதல் 25 என்ற இலக்கும் எட்டப்பட்டது. முதல் 100இல் இரண்டாவது பல்கலைக்கழகம் மட்டும் வரவில்லை. 2007இல் முதல் 200இல் ஒன்றுகூட இல்லாத நாடு இது. எங்களைப் போல் எத்தனையோ அலுவலகங்களில் உட்கார்ந்து பெயர்களைச் சரி பார்த்தவர்களுக்கும், இரவில் ஆய்வுக்கூடத்தில் நின்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நான் பெருமைப்படுகிறேன்.

கியூ.எஸ். இப்போது முறையை மாற்றியிருக்கிறது. கல்வியாளர் கருத்துக்கு 30 விழுக்காடாகக் குறைத்து, நிலைத்தன்மை, பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு, அனைத்துலக ஆய்வுத் தொடர்பு ஆகியவற்றுக்குத் தலா 5 கொடுத்திருக்கிறது. ஆசிரியர்–மாணவர் விகிதம் 20இலிருந்து 10ஆகிவிட்டது. இந்தக் குறைப்பு எனக்குக் கவலை தருகிறது. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பது ஒன்றுதான் அந்தப் பட்டியலில் கற்பித்தலுக்கு அருகில் வந்த அளவு. அதன் எடை குறைந்தால் நிர்வாகங்கள் நிரந்தர இடங்களை நிரப்பாமல் ஒப்பந்தத்தில் ஓட்டப் பார்க்கும். இளம் டாக்டர் பட்டக்காரர்கள் பலர் இப்போதே ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். 60,000 பேரைப் படிக்கச் சொன்ன நாடு அவர்களுக்கு வேலையும் கொடுக்க வேண்டும்.

உள்ளூர் மதிப்பீட்டிலாவது தமிழ் ஆய்வுக்கு இடம் வேண்டும் என்று நான் எங்கள் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து கேட்டு வந்தேன். உலகப் பட்டியலை நம்மால் மாற்ற முடியாது. பதவி உயர்வுக்கு நாமே போடும் படிவத்தை மாற்றலாம். மதிப்பாய்வு செய்யப்பட்ட தமிழ் நூலுக்கு ஆங்கில நூலுக்கு உள்ள அதே புள்ளி என்பதை ஏற்றுக்கொண்டார்கள். தமிழ் ஆய்விதழ்க் கட்டுரைக்கு இன்னும் ஏற்கவில்லை. மதிப்பாய்வாளர்கள் யார், வேறு நாட்டிலிருந்தும் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருக்கும் மதிப்பாய்வாளர்களின் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தேன். என் இடத்துக்கு வந்திருப்பவர் ஒரு சீனப் பெண். கோப்பை ஒப்படைத்த அடுத்த கூட்டத்திலேயே சீன ஆய்வியல் இதழ்களையும் அதே கோரிக்கையில் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறார்.